பாஸ்வேர்டை அஞ்செழுத்துக்கு முடித்த வெள்ளைக்கண்ணு

கருங்கல்மேடு நடுநிலைப் பள்ளியில் அன்றைக்குக் கரண்ட் போகாமல் இருந்திருந்தால் இந்தப் புளுகு பிறந்தே இருக்காது. கரண்ட் போனதற்கு மரக்கிளை பொறுப்பு, புளுகுக்கு மாட்டுத் தரகர் வெள்ளைக்கண்ணு பொறுப்பு. அவரைக் கேட்டால் அந்தக் கரண்ட்டையும் தான்தான் பேசி அனுப்பி வைத்ததாகச் சொல்வார். அதையும் நம்புவதற்கு ஊரில் இரண்டு பேர் இருப்பார்கள்.

பெற்றோர் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அறிவியல் டீச்சர் ரெஜினா, பிள்ளைகளையும் செல்போனையும் எப்படிக் கட்டி மேய்ப்பது என்று படம் போட்டுக் காட்ட வந்திருந்தார். திரையில் ‘கடவுச்சொல்’ என்ற ஒரு சொல் வந்தது. எட்டெழுத்தாவது இருக்க வேண்டும், யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். அதோடு ஃபேன் நின்றது, படம் போனது, ஜனங்கள் முந்தானையாலும் நோட்டு அட்டையாலும் விசிறிக்கொள்ள ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் வந்துவிடும், யாரும் எழுந்து போய்விடாதீர்கள் என்றார் டீச்சர்.

பிள்ளைகளுக்குச் செய்த பெஞ்சில் முழங்காலை மடக்கித் திணித்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்கண்ணுக்கு இதுதான் சமயம் என்று பட்டது. அவர் வந்தது செல்போன் பாடம் கேட்க இல்லை. பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குரூப்பில் தன்னைத் திரும்பச் சேர்க்க வைக்க வேண்டும், அது ஒன்றுதான் காரியம்.

ஒரு காலத்தில் அந்தக் குரூப்பில் அவர் இருந்தார். இருந்தார் என்பதைவிட அதிலேயே குடியிருந்தார் என்று சொல்லலாம். காலை ஒன்பது மணிக்கு வரவும் என்று செய்தி வந்தால், ஒன்பதரை ஆக்குங்க என்று வாய்ஸ் மெசேஜ் போடுவார். இரண்டு நோட்டு வாங்கி அனுப்பவும் என்றால், ஒண்ணை ரெண்டாக் கிழிச்சுக்கலாமே என்பார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். ஒருநாள் சந்தைக் குரூப்புக்குப் போட வேண்டியதை இங்கே போட்டுவிட்டார். “பல்லெல்லாம் சரியா இருக்குப்பா. வயசு மட்டும் சொல்றதவிட ரெண்டு கூட இருக்கும். புது ஆளைக் கண்டா முறைக்கும், ரெண்டு நாள் கட்டிப்போட்டா அடங்கிரும்” என்று ஓர் எருமையைப் பற்றி அவர் சொன்னது, ‘புதிதாகப் பொறுப்பேற்றுள்ள ரெஜினா டீச்சரை வரவேற்கிறோம்’ என்ற படத்துக்கு நேர் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் ரெஜினா டீச்சர் குரூப்புக்கு அட்மின் ஆனார். ஆனதும் செய்த முதல் வேலை வெள்ளைக்கண்ணை வெளியே தள்ளியது.

திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அவர் போய்க் கேட்கவில்லை. துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசியே வளர்ந்த ஆள். முதலில் வாய் திறக்கிறவனுக்குத்தான் நஷ்டம் என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறியது. டீச்சரே வந்து கூப்பிடட்டும் என்று விறைப்பாக இருந்தார். போன வாரம் பள்ளியில் பச்சை நிற நாள் வந்தது. பச்சையில் வரச் சொல்லிக் குரூப்பில்தான் செய்தி போட்டிருந்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் கிளிக்கூட்டம் மாதிரி போக, அவர் மகள் செல்வமீனா மட்டும் நீலச் சீருடையில் போய் நின்றாள். சாயங்காலம் பையை வீசிவிட்டு, “நம்ம வீட்டுக்கு மட்டும் ஸ்கூலே நடக்கலப்பா” என்றாள். முட்டுகிற காளையையெல்லாம் தட்டிக்கொடுத்து நிறுத்திய மனுஷன் அந்தப் பையை எடுத்து ஆணியில் மாட்டினார். அந்த வெறியோடுதான் வந்திருந்தார்.

தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். டீச்சர் சொன்னது சரிதான், ஆனால் கடைக்காரர் சொன்ன விலையை அப்படியே சொல்லிவிட்டார் என்று ஆரம்பித்தார். எட்டெழுத்து பாஸ்வேர்டு என்பது ஏமாந்தவனுக்குச் சொல்லும் விலையாம். மகளின் உதவித்தொகைக்குப் பெயர் பதியப் போன இடத்தில் கம்ப்யூட்டர் அவரிடமும் எட்டுத்தான் கேட்டது. அதில் ஒன்று பெரிய எழுத்து, ஒன்று எண், ஒன்று புள்ளியோ நட்சத்திரமோ. வெள்ளைக்கண்ணு மூன்றில் ஆரம்பித்தார். பலவீனமான கடவுச்சொல் என்று கம்ப்யூட்டர் சிவப்பாகக் காட்டியது. யாரைப் பார்த்து பலவீனம் என்கிறாய் என்று இவர் ஒரு போடு போட்டார். சுற்றிச் சுற்றி யோசித்தது. ஏழு என்றது. இவர் எழுந்து செருப்பை மாட்டினார். வாசல்படி தாண்டுவதற்குள் அஞ்சுக்கு வந்துவிட்டது. நட்சத்திரத்தைக் கொசுறாகவே கொடுத்துவிட்டது.

முன்வரிசையில் இருந்த தையல்கடை மலர்க்கொடி திரும்பிப் பார்த்தாள். அளவெடுக்கிற பார்வை அவளுக்கு.

“அந்த அஞ்செழுத்து என்னண்ணே?”

“யாருட்டயும் சொல்லக் கூடாதுன்னு டீச்சர் இப்பத்தான சொன்னாங்க. காதுல வாங்கலையா தங்கச்சி நீ?”

டீச்சர் உதட்டை மடித்துக்கொண்டார். வெள்ளைக்கண்ணு அதைக் கவனித்தார். மாடு காதை ஆட்டியதும் தெரிந்துவிடும் அவருக்கு, பேரம் படியப்போகிறது என்று. இப்படிப்பட்ட ஆள் ஒரு குரூப்பில் இருந்தால் எத்தனை பேருக்கு உபயோகம் என்று பொதுவாக ஒரு வார்த்தையை வீசிவிட்டு அடுத்ததற்குப் போனார்.

போனில் கூப்பிட்டு, உங்கள் ஏடிஎம் கார்டு முடங்கிவிட்டது, வந்திருக்கும் ஆறு எண்ணைச் சொல்லுங்கள் என்பார்களே, அந்தத் திருடன் இவரையும் கூப்பிட்டானாம். பயந்து போனை அணைப்பவன் பேடி, எண்ணைச் சொல்பவன் முட்டாள், இவர் பேரம் பேசினார். ஆறு முடியாது, ரெண்டு வேண்டுமானால் தருகிறேன், அதுவும் எந்த ரெண்டு என்று நான்தான் சொல்வேன் என்றார். அவன் அஞ்சு கேட்டான். இவர் ஒன்றரைக்கு இறங்கினார். அரை எண்ணை எப்படி சார் அடிப்பது என்று அவன் அழாத குறை. வெயில் ஏற ஏற அவன் குரல் இறங்கியது. மத்தியானம் அவனுடைய எண்ணை இவரிடம் ஒப்பித்தான். பொழுது சாய, உங்ககிட்டயே ஒரு வேலை இருந்தா குடுங்க என்று கெஞ்சினான். இப்போது சந்தையில் இவருக்குக் கயிறு பிடிப்பது அவன்தானாம். பழக்கதோஷம் போகவில்லை, மாட்டைக்கூட சார் என்றுதான் கூப்பிடுகிறான், மாடும் இப்போது வேறு யார் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை.

பின்னால் யாரோ பெஞ்சைத் தட்டினார்கள். அவ்வளவுதான், வெள்ளைக்கண்ணுக்குச் சலங்கை கட்டிவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

பிள்ளைகள் போனை விடமாட்டேன் என்கிறதுகள் என்று புலம்புகிறீர்களே, நான் பிள்ளையிடம் பேசவே இல்லை, போனிடம் பேசினேன் என்றார். என் மகளின் நேரத்தை நீ எவ்வளவு எடுக்கிறாயோ அவ்வளவு சார்ஜைத் திருப்பிக் கொடுத்துவிடு, கணக்குக்குக் கணக்கு. போன் முரண்டு பிடித்தது. அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவைத்தார். காலையில் வழிக்கு வந்துவிட்டது. பொங்கலிலிருந்து அதற்குச் சார்ஜ் போட்டதில்லை. அதுதான் வீட்டுக்குச் சார்ஜ் போடுகிறது. கிரைண்டர் அதில் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது. மீட்டர் பார்க்க வந்தவர் அது பின்பக்கமாகச் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனாராம்.

“அப்ப அந்தப் போனைக் கொஞ்சம் இப்படிக் குடுங்கண்ணே” என்றாள் மலர்க்கொடி. வியர்வை வழிகிற முகத்தை மேலே நிமிர்த்தி நின்றுபோன ஃபேனைக் காட்டினாள். “இதைச் சுத்த விடுவோம். புண்ணியமாப் போகும்.”

ஹால் மொத்தமும் அவரைப் பார்த்தது. வெள்ளைக்கண்ணு சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டார்.

“இது வளர்ப்பு சரியான போனு, தங்கச்சி. கூப்பிடாத வீட்டு ஃபேனைத் தொடாது.”

சிரிப்பு அடங்க நேரமானது. சிரிப்பது எல்லாம் சரி, ஆனால் டீச்சர் இன்னும் வாயைத் திறந்து ஒரு விலை சொல்லவில்லை என்பது அவருக்கு உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. அரிக்க அரிக்கப் புளுகு பெரிதானது.

வழி சொல்கிற அம்மா ஒருத்தி போனுக்குள் இருக்கிறாளே, அவளிடம் போனார். வீட்டிலிருந்து சந்தைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்றாளாம். எட்டுக்கு முடி என்றார் இவர். வலப்பக்கம் திரும்பவும் என்றாள். திரும்பமாட்டேன், முதலில் தூரத்தைச் சொல் என்று வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டார். பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது, லாரி அடிக்கிறது. அவளுக்கு மானம் போகிறது. ஒன்பது என்றாள், எட்டரை என்றாள், கடைசியில் எட்டு. ரோடு சுருங்கிய சுருக்கில் இரண்டு புளியமரம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. சந்தையில் போய் இறங்கி டீ சொல்லி உட்கார்ந்தால் தடதடவென்று ஒரு சத்தம். என்னடா என்று காது கொடுத்துக் கேட்டால், வீட்டிலிருந்து கிளம்புகிற அவருடைய வண்டிச் சத்தம்தான், அப்போதுதான் வந்து சேர்கிறது.

“அந்த ரோட்டுலதான் நானும் தினம் வர்றேன்” என்றார் புதூர்க்காரர் சவரியப்பன். அவர் மகன் எட்டாம் வகுப்பு. “எனக்கு இன்னும் பன்னெண்டுதான் காட்டுது.”

“நீங்க கேட்டீங்களா?”

“இல்ல.”

“கேக்காம எவன் குறைப்பான்?”

சவரியப்பன் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். வெள்ளைக்கண்ணு இப்போது டீச்சரை நேராகப் பார்த்துக்கொண்டு, இந்தப் பள்ளிக்கூடத்துக்கே தான் செய்த ஓர் உதவியைப் பற்றிச் சொல்லப்போவதாகச் சொன்னார். தற்பெருமைக்காக அல்ல, யாரும் அதற்கு நன்றி சொல்லாததால்.

ஐப்பசியில் விளையாட்டு விழா நடந்ததல்லவா. முதல் நாள் போனில் மழைக்குத் தொண்ணூறு சதவீதம் காட்டியது. குரூப்பில் இல்லாததால் விழா இருக்கிறதா, தள்ளிவைத்துவிட்டார்களா என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் பிள்ளைகள் ஓடுகிற விழா ஆயிற்றே என்று மேகத்தை மறித்துப் பேசினார். தொண்ணூறு ரொம்ப அதிகம், நாற்பதுக்கு முடி என்றார். மேகம் முகத்தைக் கறுக்க வைத்துக்கொண்டு இடித்தது. இடித்தால் இவர் பயந்துவிடுவாரா, இவரும் திருப்பிச் சத்தம் போட்டார். கடைசியில் நாற்பதுக்குப் படிந்தது. அந்த நாற்பதையும் விடியுமுன்னே பெய்து முடித்துவிட வேண்டும் என்பது பேச்சு. மிச்சம் ஐம்பதை வேறு எங்காவது இறக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

“அன்னைக்குத்தான்யா எங்க கொட்டகைக்குள்ள தண்ணி பூந்துச்சு” என்றார் சவரியப்பன்.

“கணக்கு சரியா வந்துருச்சு பாத்தீங்களா?”

சவரியப்பனைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள். வெள்ளைக்கண்ணு நிறுத்தவில்லை. தரகு வாங்காமல் அவர் எதையும் முடித்ததில்லை. மேகத்திடம் ஏது ரொக்கம்? அதனால் கன்றுக்குட்டி அளவில் ஒரு துண்டு மேகத்தை விட்டுவிட்டுப் போனதாம். கொல்லையில் முளைக்குச்சி அடித்துக் கட்டிப்போட்டிருக்கிறார். காலையும் மாலையும் கறக்கிறார்.

“பாலா, தண்ணியா?” என்றாள் மலர்க்கொடி.

“நம்ம ஊர்ல ரெண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?”

அப்போதுதான் ரெஜினா டீச்சர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். இதற்காகத்தானே இவ்வளவும். சிரிக்கிற வாய்க்கு விலையை ஏற்றத் தெரியாது. வெள்ளைக்கண்ணு ஒரு மாதமாக மனசுக்குள் போட்டு வைத்திருந்த பேரத்தை எடுத்தார். அட்மினாகக் கேட்க வேண்டும், இல்லை என்பார்கள். நாளைக்குப் பத்து வாய்ஸ் மெசேஜ் கேட்க வேண்டும், கத்துவார்கள். மூன்றில் வந்து நிற்க வேண்டும். எல்லாம் வரிசையாக இருந்தது. ஆனால் வாயைத் திறந்ததும், செல்வமீனா பையை வீசியதுதான் முன்னால் வந்து நின்றது. அட்மின் என்று சொல்ல வந்த வாய் வேறெதையோ சொல்லிவிட்டது.

“டீச்சர், என்னை அந்தக் குரூப்புல சேத்துக்கங்க.”

“சரி, மீனா அப்பா” என்றார் டீச்சர். போனை எடுத்தார், இரண்டு தட்டுத் தட்டினார், வைத்துவிட்டார். “அன்னைக்கே கேட்டிருந்தா அன்னைக்கே சேத்திருப்பேனே.”

முதல் சொல்லுக்கே சரி என்கிறவனிடம் மாடு வாங்கக் கூடாது. வெள்ளைக்கண்ணுக்கு அது தெரியும். உடம்பெல்லாம் ஒரு சந்தேகம் ஓடியது. அதற்குள் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. வெளியே எடுத்தார். குரூப் வந்துவிட்டது. குரூப்பின் குறிப்பில் மகள் எடுத்துப்போக வேண்டியது, தேர்வு நாள், தடுப்பூசி போட வருகிற நாள், எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றையும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு ஒரு வணக்கமாவது போடலாமே என்று மைக்கைத் தேடினார். மைக் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வரி இருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தார். நிர்வாகிகள் மட்டுமே செய்திகளை அனுப்ப முடியும்.

“என்ன டீச்சர் இது?”

“அதுவா. செய்தி வரும், போகாது. உங்க காதுக்குக் கதவு திறந்தாச்சு, வாய்க்கு இல்ல.”

ஹால் மொத்தமும் கழுத்தைத் திருப்பியது, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று. கோபக்கார மனுஷன், பெஞ்சைத் தூக்கிப் போட்டாலும் போடுவார். வெள்ளைக்கண்ணு அந்த வரியை இன்னொரு தரம் பார்த்தார். போனைப் பையில் போட்டார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மலர்க்கொடி பக்கம் திரும்பினார்.

“பாத்தியா தங்கச்சி, எப்படி முடிச்சேன்னு. கேக்குற வேலை மட்டும் எனக்கு. பேசுற பாரத்தைப் பூராவும் டீச்சர் தலையில கட்டிட்டேன். ஜில்லாவுல எவனுக்கும் இப்படி ஒரு பேரம் படிஞ்சிருக்காது.”

மலர்க்கொடி நோட்டு அட்டையால் விசிறிக்கொண்டே சொன்னாள்:

“எங்க எல்லாருக்கும் அப்படித்தாண்ணே. நாங்க யாரும் கேக்கக்கூட இல்ல.”