பன்னிரண்டு நிமிஷப் பாட்டும் மூன்று நிமிஷ பிளேட்டும்

உப்போடையில் வெற்றிலைக்கடை வைத்திருந்த ராவுத்தர் ஒரு கிராமபோன் பெட்டி வாங்கினார். அன்றிலிருந்து அந்த ஊர் நாடக சபைக்கு வருகிற கூட்டம் பாதியாகி, கால்வாசியாகி, ஒரு சனிக்கிழமை மேடையில் ஏழு பேரும் எதிரே ஐந்து பேரும் என்றாயிற்று. மாதம் ஒரு புது பிளேட் பட்டணத்திலிருந்து வந்து இறங்கும். ஊர் முழுக்க ராவுத்தர் கடை வாசலில்தான்.

ராஜபார்ட் மதுரமுத்துவுக்கு இது பொறுக்கவில்லை. இருபது வருஷமாக ராஜா வேஷம் கட்டியதில், சும்மா இருக்கும்போதும் மந்திராலோசனை நடத்தும் பழக்கம் அவருக்கு வந்திருந்தது. மந்திரிகள் மூன்று பேர். ஸ்திரீபார்ட் சொர்ணலிங்கம், ஆர்மோனியம் பிச்சாண்டி, மிருதங்கம் தாண்டவராயன். பிற்காலத்தில் அவரே சொல்வார்: "எங்க நாலு பேர் மூளையையும் ஒண்ணாச் சேர்த்தா ஒரு ஆளுக்குக் காணும். அந்த ஆளும் கொஞ்சம் மந்தம்தான்."

நாமும் ஒரு பிளேட் போட்டுவிடுவது என்று சபை தீர்மானித்தது. பட்டணத்துக் கம்பெனி ஏஜெண்ட் முனிரத்தினத்துக்குக் கடிதம் போட்டார்கள். பத்தாம் நாள் பதில் வந்தது. "பாட்டு மூன்று நிமிஷத்துக்கு மேல் போகக்கூடாது. மெழுகுத் தட்டில் பதிகிறோம். மெழுகுக்குச் சூடு ஆகாது. ஆகவே காலையிலேயே வந்துவிடவும்."

மதுரமுத்துவிடம் பேர் சொல்லும்படி ஒரே ஒரு பாட்டுதான் உண்டு. ராணியைப் பிரிந்த ராஜா காட்டில் நின்று புலம்புவது. சரியாகப் பன்னிரண்டு நிமிஷம்.

"நடுவுல கொஞ்சம் வெட்டிடலாமா?" என்றான் பிச்சாண்டி.

"நடுவுலதானே நான் மூர்ச்சை போடறேன்."

"மூர்ச்சை பிளேட்டுல தெரியாதேண்ணே."

"எனக்குத் தெரியுமே" என்றார் மதுரமுத்து.

கடைசியில் தாண்டவராயன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஒரு வயலை ஒருத்தன் அறுத்தா பன்னெண்டு நாள். நாலு பேர் அறுத்தா?"

"மூணு நாள்" என்றான் சொர்ணலிங்கம்.

"பாட்டும் அப்படித்தானே? ஆளுக்குக் கால் பங்கா பிரிச்சுக்கிட்டு எல்லாரும் ஒரே நேரத்துல பாடினா மூணு நிமிஷத்துல முடிஞ்சு போகுது."

மதுரமுத்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். கணக்கு இடிக்கவில்லை. தாண்டவராயனைக் கட்டிக்கொண்டார்.

அடுத்தது மெழுகு. கடிதத்தை மறுபடி வாசித்த பிச்சாண்டிக்கு முகம் வெளுத்தது. "அண்ணே, பாட்டுல 'தீயில் வெந்தேனே, தேகம் கொதித்தேனே'ன்னு வருது. மெழுகு உருகிடாதா?"

வார்த்தையை மாற்றத்தான் வேண்டும் என்று நால்வருக்கும் பட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து, "மோரில் நின்றேனே, முழுதும் நனைந்தேனே" என்று திருத்தினார்கள். ராஜாவின் துக்கம் கொஞ்சம் ஆறிப்போனது வாஸ்தவம். ஆனால் மெழுகுக்கு ஆபத்தில்லை.

பட்டணத்தில் ஒரு ஓட்டல் மாடியறையில் பெரிய தகரக் குழாய் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதன் பின்னால் ஒரு துரை. ஏஜெண்ட் முனிரத்தினம் விவரம் சொன்னார்: "துரை கையைத் தூக்கினா ஆரம்பிங்க. இறக்கினா நிறுத்துங்க. முடிவுல பாடினவர் பேரை யாராவது ஒருத்தர் சொன்னாப் போதும்." சொல்லிவிட்டு, அடுத்த வித்வானை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

துரை கையைத் தூக்கினார். நாலு பேரும் "ஆ" என்றார்கள். துரை கையை இறக்கினார். நிறுத்திவிட்டார்கள்.

மூன்று மெழுகு இப்படியே வீணானது. நாலாவது மெழுகுக்குத் துரைக்கு விஷயம் புரிந்தது. தூக்கிய கையைத் தூக்கியபடியே, முகம் சிவக்க, மூன்று நிமிஷமும் நின்றார். இவர்கள் ஆளுக்கொரு பங்காகப் பாட்டைப் பிய்த்து வாங்கினார்கள். மதுரமுத்து காட்டுக்குள் நுழையும்போதே சொர்ணலிங்கம் மூர்ச்சை தெளிந்து எழுந்துகொண்டிருந்தான். பாட்டு முடிந்தது. துரையின் கை இன்னும் மேலேதான் இருந்தது.

"அண்ணே, பேரு" என்றான் பிச்சாண்டி மெதுவாக.

"ஒருத்தர்தான் சொல்லணும்னாரு. நீயே சொல்லு."

"நீங்க இருக்கும்போது நான் சொன்னா மரியாதையா?"

"நானே என் பேரைச் சொன்னா ஜம்பம்னு நெனைப்பாங்களே."

"ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க, சொல்லுங்கண்ணே."

"சரி, சொல்றேன்" என்று மதுரமுத்து மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். துரையின் கை சோர்ந்து விழுந்தது. உடனே மதுரமுத்து வாயை மூடிக்கொண்டார்.

துரைக்குத் தமிழ் தெரியாது. இந்த ஊர் சங்கீதம் இப்படித்தான் போலும் என்று மெழுகை அனுப்பிவைத்துவிட்டார். ஆறு மாதத்தில் பிளேட் வந்தது.

ராவுத்தர் கடை வாசலில் ஊரே திரண்டிருக்க, முள் இறங்கியது. மூன்று நிமிஷமும் ஒரே இரைச்சல்.

"என்னய்யா இது, மாட்டுச்சந்தையில புடிச்சதாட்டம் இருக்கு?" என்றார் ராவுத்தர்.

மதுரமுத்து நிதானமாக எழுந்தார். "இது பன்னெண்டு நிமிஷப் பாட்டு. மூணு நிமிஷம் மட்டும் கேட்டா எப்படிப் புரியும்? நாலு தடவை போடுங்க. முதல் தடவை என்னை மட்டும் கேளுங்க. ரெண்டாந்தடவை சொர்ணத்தை. அப்புறம் பிச்சாண்டி, அப்புறம் தாண்டவராயன்."

ஜனங்களும் உப்போடை ஜனங்கள்தானே. அப்படியே கேட்டார்கள். நாலாந்தடவை முடிந்ததும் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு குறை. ஒவ்வொரு தடவையும் பிளேட், "சரி, சொல்றேன்" என்று முடிந்து, முள் கிர்ரென்று வெறுமனே தேய்ந்தது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. மதுரமுத்துவுக்குத் தாளவில்லை. எழுந்து குழாய்ப் பக்கம் வாயை வைத்து, "உப்போடை ராஜபார்ட் மதுரமுத்து" என்றார். கைதட்டல் ஓய நெடுநேரம் ஆனது.

அதிலிருந்து தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு ராவுத்தர் பிளேட்டை வைப்பதும், மதுரமுத்து போய்ப் பேரைச் சொல்லிவிட்டு வருவதும் வழக்கமாயிற்று. "சொல்றேன்னு ஒப்புக்கிட்டாச்சு. பின்வாங்க முடியுமா?" என்பார்.

ஒரு மாதம் கழித்து, மூன்று மைல் தள்ளியிருந்த பனையடியிலும் ஒரு கடைக்காரர் அந்த பிளேட்டை வாங்கினார். அவரும் ஆறு மணிக்குத்தான் வைத்தார். சபை அவசரமாகக் கூடியது.

"ஒரே நேரத்துல ரெண்டு ஊர்ல எப்படிண்ணே சொல்லுவீங்க?" என்றான் சொர்ணலிங்கம்.

மதுரமுத்து தரையில் இரண்டு ஊரையும் புள்ளி வைத்து, நடுவில் விரலை ஊன்றினார். "நடுவுல நின்னுக்கிட்டு, கொஞ்சம் சத்தமாச் சொன்னாப் போச்சு."

மறுநாளிலிருந்து ஆறு மணிக்கு, இரண்டு ஊருக்கும் நட்டநடுவே ஒன்றரை மைல் கல்மேல் ஏறி நின்று, கிழக்கே திரும்பி ஒரு தடவை, மேற்கே திரும்பி ஒரு தடவை, அடிவயிற்றிலிருந்து தன் பேரைக் கத்தினார். அந்த வழியாகத் தினமும் வைக்கோல் ஏற்றிப் போகிற வண்டிக்காரர் ஒருவர், முதல் நாள் மாட்டை நிறுத்தித் தன் பேரையும் மரியாதையாகச் சொன்னார். இரண்டாம் நாளும் சொன்னார். மூன்றாம் நாள் மதுரமுத்து கல்லிலிருந்து இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க, நீங்க எந்த பிளேட்டுக்குச் சொல்றீங்க?"