நிழலில் காய்ந்த மண்

மந்தாரக்குறிச்சிக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள். அவர்களிடம் உள்ள ஒரே கோளாறு அதுதான். அந்த ஊரிலிருந்து கொம்பையா, திருமேனி, சூசை, மாயழகு என்று நாலு பேர் டவுனில் உள்ள சமுதாயக் கல்லூரியில் வேளாண்மையும் வேளாண் வணிகமும் படிக்கச் சேர்ந்தார்கள்.

வாங்குபவர் மனதை அறிந்து விற்க வேண்டும் என்று வணிகப் பாடத்தில் சொல்லியிருந்தார்கள். நால்வரும் சந்தையில் கத்திரிக்காயைக் குவித்து வைத்துக்கொண்டு, வந்தவர்களிடமெல்லாம் "உங்க மனசுல என்ன இருக்கு, சொல்லுங்க" என்று கேட்டார்கள். காய் ஒன்றுகூட விற்கவில்லை. ஒரு அம்மாள் மட்டும் மனம் விட்டு அழுதுவிட்டு, பாரம் குறைந்தவளாக வீட்டுக்குப் போனாள்.

கடைசியில் செய்முறைத் தேர்வு வந்தது. நாலு பேரிலும் கொம்பையாவுக்குத்தான் அதில் பாஸாகியே தீரவேண்டியிருந்தது. "நீ பாஸாயிட்டா கிணத்தடி வயலு உனக்கு. இல்லேன்னா சின்ன மருமகனுக்கு" என்று மாமனார் வெள்ளக்கண்ணு கறாராகச் சொல்லியிருந்தார். சின்ன மருமகன் இப்போதே அந்தக் கிணற்றில் வந்து குளித்துவிட்டுப் போக ஆரம்பித்திருந்தான். அதைப் பார்த்ததிலிருந்து கொம்பையாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஜெசிந்தா மேடம் வேலையைத் தெளிவாகத்தான் சொன்னார். வயலில் பல இடங்களில் மண் எடுத்துக் கலந்து, நாலு பங்காகப் பிரிக்க வேண்டும். எதிரெதிரே உள்ள ரெண்டு பங்கைத் தள்ளிவிட்டு, மீதியை மறுபடி கலந்து பிரிக்க வேண்டும். அரைக் கிலோ மிஞ்சும்வரை இப்படியே செய்து, அதை நிழலில் காயவைத்துச் சாயங்காலத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

கிணற்றடி வயலில் சாக்கை விரித்து, மண்ணைக் குவித்துப் பங்கு போட்டு, நாலு பக்கமும் நாலு பேர் உட்கார்ந்தார்கள். அவரவர் தமக்கு எதிரே இருந்த பங்கை அள்ளி வீசினார்கள். நிமிர்ந்து பார்த்தால் வெறும் சாக்குதான் கிடந்தது.

மறுபடி தோண்டினார்கள், மறுபடி வீசினார்கள். வயல் நடுவில் ஆள் இறங்குகிற ஆழத்துக்குப் பள்ளம் விழுந்தது.

"எல்லாரும் முதுகைக் காட்டி உக்காருவோம். அப்ப எதிர்ல எதுவும் இருக்காதுல்ல" என்றான் திருமேனி.

அப்படியே உட்கார்ந்தார்கள். மண் குறையவே இல்லை.

சூசை வேறு வழி சொன்னான். "வயலு கொம்பையாவோட மாமனாருது. அதனால அவன் மட்டும் பாக்கட்டும். நாம திரும்பியே இருப்போம்."

கொம்பையா தன் எதிர்ப் பங்கைத் தள்ளினான். பிறகு பக்கம் மாறி உட்கார்ந்து அங்கிருந்து எதிரே தெரிந்ததையும் தள்ளினான். மீதியைக் கலந்து திரும்பத் திரும்ப இப்படியே செய்ததில் ஒருவழியாக அரைக் கிலோ தேறியது. சாக்கில் பரப்பி வேப்பமரத்து நிழலில் வைத்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் சாக்கின் ஓரத்தில் வெயில் விழுந்தது.

"நிழலு நகருது மாப்ள" என்றான் மாயழகு.

"நகரட்டும். நாம விடக்கூடாது" என்றான் கொம்பையா.

ஆளுக்கொரு மூலையைப் பிடித்து நிழலோடு சாக்கை நகர்த்திக்கொண்டே போனார்கள். நிழல் வரப்பைத் தாண்டியது, இவர்களும் தாண்டினார்கள். ரோட்டோரம் வந்தபோது டவுன் பஸ் ஒன்று வந்து நின்றது. அதன் நிழல் நல்ல அகலமாக விழுந்திருந்தது. மண்ணை அதற்கு மாற்றிவிட்டு நிம்மதியாக வியர்வையைத் துடைத்தார்கள். பஸ் கிளம்பியது.

நாலு பேரும் சாக்கை ஏந்திக்கொண்டு பஸ்ஸின் பக்கத்திலேயே ஓடினார்கள்.

கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "ஏறிக்கோங்கப்பா, உள்ளேயும் நிழலுதான்" என்றார்.

"எங்களுக்குக் குடுத்தது மண்ணுப் பாடம்ணே" என்று கொம்பையா மூச்சிரைக்கச் சொன்னான். "பஸ்ஸுல ஏறுறது பாடத்துல இல்ல."

பஸ் நின்ற இடத்திலெல்லாம் நின்று, ஓடிய இடத்திலெல்லாம் ஓடி, டவுன் போய்ச் சேர்ந்தார்கள். ஓடிய காற்றில் மண் பொலபொலவென்று காய்ந்திருந்தது. மேடம் அதை விரலால் தேய்த்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அருமையா காயவச்சிருக்கீங்க. பாஸ்" என்றவர், மண்ணைப் பையில் போட்டுக் கட்டினார். "கொம்பையா, உங்க மொத்த வயலும் இப்ப இந்தப் பைக்குள்ள இருக்கு. மாடியில ஆய்வக அலமாரியில வைக்கிறேன்."

கொம்பையாவுக்கு ஆனந்தத்தில் கண் கலங்கிவிட்டது. சேதி கேட்ட மாமனாரும் பேச்சு மாறவில்லை. "வயலு உனக்குத்தான் மருமகனே. காலையில நம்ம மாட்டை ஓட்டிட்டுப் போய் உழவை ஆரம்பி" என்றார்.

காலையில் வெள்ளக்கண்ணு கிணற்றடிக்குப் போனார். பள்ளம் இருந்தது, மருமகனைக் காணோம்.

அதே நேரம் கல்லூரி வாசலில் காவலாளி வாயைப் பிளந்து நின்றுகொண்டிருந்தார். எதிரே தோளில் கலப்பையோடு கொம்பையா, ஜோடி மாட்டோடு சூசை, எருக்கூடையோடு மற்ற ரெண்டு பேர்.

"அண்ணே, எங்க வயலு மாடியில அலமாரிக்குள்ள இருக்கு" என்றான் கொம்பையா மரியாதையாக. "மாடு ரெண்டும் சேர்ந்தாப்ல ஏற படிக்கட்டு அகலம் காணுமா, இல்ல ஒண்ணு ஒண்ணா ஏத்தணுமா?"