நாம் என்று எழுதியவர்

“திறப்பதா, அடைப்பதா? ஒரே வார்த்தையில சொல்லிரு, தாயி.”

அய்யாக்குட்டி கேட்டார். உப்பளத்தின் வரப்பில், செருப்பைக் கழற்றாமல் நின்று கேட்டார்.

பேச்சி வரப்போரம் குந்தியிருந்தாள். மடையின் ஓரத்தில் நீர் கசிந்துகொண்டிருந்தது. அவள் களிமண்ணை உருட்டி அதில் அப்பிக்கொண்டிருந்தாள்.

அவருக்கு வயது அறுபத்திரண்டு. அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

அவர் உப்பளத் தொழிலாளர்களுக்காக ஏழு முறை சிறை சென்றவர். படித்ததெல்லாம் துண்டறிக்கை, எழுதியதும் துண்டறிக்கை. ‘சாமியார்களிடம் ஏமாறாதீர்’ என்று ஒன்று எழுதி, தேரோட்டத்தன்று தேரின் வடம் பிடித்தவர்கள் கையிலேயே கொடுத்தவர்.

அதனால்தான் உச்சிவெயிலில் வந்திருந்தார். அந்த நேரத்தில் வரப்பில் ஆள் நடமாட்டம் இருக்காது.

*

ஊரில் முதன்முதலில் காய்ச்சல் கண்டவள் பேச்சி.

பதினோரு நாள் நினைவில்லாமல் கிடந்தாள். பன்னிரண்டாம் நாள் எழுந்து நேராக அளத்துக்கு நடந்து வந்தாள். மூக்கில் வாசனை போயிருந்தது. வாயில் பேச்சும் பெரும்பாலும் போயிருந்தது. பெயரில் மட்டும் மிச்சம் இருந்தது.

பதினோரு நாளும் என்ன பார்த்தாய் என்று கேட்டார்கள்.

“வெள்ளையா இருந்தது” என்றாள்.

சிலர் அதைக் கடவுள் என்று எடுத்துக்கொண்டார்கள். சிலர் உப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். இரு வகையினரும் அவளைத் தேடி வரத் தொடங்கினார்கள்.

*

காய்ச்சலுக்குப் பயந்து அளம் மூடி நாற்பது நாள் ஆகியிருந்தது. இனி ஊரே முடிவு செய்துகொள்ளட்டும் என்று அரசாங்கத்திலிருந்து தாள் வந்தது.

ஊர் இரண்டு மேடை போட்டது.

மேற்கு மேடையில் அள முதலாளிகள். ‘பசி கொல்லும்’ என்று பலகை வைத்திருந்தார்கள். கிழக்கு மேடையில் ஊரின் படித்தவர்கள். ‘காய்ச்சல் கொல்லும்’ என்று பலகை வைத்திருந்தார்கள். இரண்டு மேடையிலும் மின்விசிறி இருந்தது.

நடுவில் வெறுந்தரை. அதில் சுண்ணாம்பு வட்டங்கள். வட்டத்துக்கு ஒருவராகத் தொழிலாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு மேடையும் அவர்களுக்காகத்தான் பேசின.

இன்று மாலை அவர்கள் கை தூக்க வேண்டும். அய்யாக்குட்டி எந்தப் பக்கம் சொல்கிறாரோ அந்தப் பக்கம் தூக்குவார்கள். அது ஊருக்கே தெரியும்.

அவர் தவறினால் பிணம் விழும். எந்தப் பக்கம் தவறினாலும் விழும்.

*

“நான் ரெண்டையும் எழுதி வச்சிருக்கேன்” என்றார் அய்யாக்குட்டி. பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார். “திறக்கணும்னு ஒண்ணு. அடைக்கணும்னு ஒண்ணு. ரெண்டுமே நல்லா வந்திருக்கு. எதை அச்சுக்குக் கொடுக்கன்னு நீ சொல்லு.”

பேச்சி முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

“செருப்பைக் கழட்டுங்க, அண்ணாச்சி.”

உப்பு நீர் தேங்கிய பாத்தியைக் கை காட்டினாள்.

அவர் இறங்கினார். கணுக்கால் அளவு நீர். வெதுவெதுப்பாக இருந்தது. பிறகு குதிகால் வெடிப்புகளில் உப்பு புகுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். நாற்பது ஆண்டுகள் உப்பளத் தொழிலாளர்களுக்காகப் பேசியவர், உப்பு நீரில் நிற்பது அன்றுதான்.

குனிந்து பார்த்தார். காலுக்கு அடியில் வானம் இருந்தது. ஒரு மேகம் நீரில் தெரிந்த அவருடைய முழங்காலைத் தொட்டுக்கொண்டு மெல்லப் போயிற்று.

“படிங்க.”

அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். எதிரே ஆள் இல்லாவிட்டாலும் ஆயிரம் பேருக்குப் படிப்பதுபோலத்தான் அவருக்குப் படிக்க வரும்.

“தோழர்களே. நாம் பட்டினி கிடக்கப் பிறந்தவர்கள் அல்ல. நாம் காய்ச்சலுக்கு அஞ்சமாட்டோம். நாளைக் காலை நாம் அளத்தில் இறங்குவோம்.”

“நாம்னா யாரு?”

“தொழிலாளி வர்க்கம்.”

“பேரு?”

“எண்ணூறு பேரு தாயி. யார் பேரைச் சொல்ல?”

“ஒரு பேரு போதும்.”

அவர் யோசித்தார். ஒரு பெயருக்கு இவ்வளவு நேரம் ஆகும் என்று அவர் நினைக்கவில்லை.

“தங்கபுஷ்பம்.”

“அது யாரு?”

“என் தங்கச்சி. புருசன் இல்ல. அளத்துலதான் வேலை. எனக்கும் சோறு அவ வீட்டுலதான்.”

“நாளைக்கு அளத்துல இறங்கப்போறது அவதானே?”

“அவதான்.”

“நீங்க?”

“நான் கூட்டத்துக்குப் போவேன்.”

“அப்ப அவ பேரைப் போட்டுப் படிங்க.”

அவருக்குக் கோபம் வந்தது. இது என்ன குழந்தை விளையாட்டு என்று கேட்க வாயெடுத்தார். கால் எரிந்தது. சீக்கிரம் முடித்துவிடலாம் என்று படித்தார்.

“தங்கபுஷ்பம் காய்ச்சலுக்கு அஞ்சமாட்டாள். நாளைக் காலை தங்கபுஷ்பம் அளத்தில்…”

குரல் இறங்கிவிட்டது.

தங்கபுஷ்பத்துக்கு இளைப்பு உண்டு. பனிக்காலத்தில் அவள் மூச்சு, ஓட்டை விழுந்த துருத்திபோலக் கேட்கும். அந்த நெஞ்சில் இந்தக் காய்ச்சல் புகுந்தால் மூன்று நாள் தாங்காது.

அவர் தாளை மடித்தார்.

“இது வேண்டாம். அடைக்கிறதுதான் சரி. நல்ல வேளை சொன்ன.”

“நான் ஒண்ணும் சொல்லலை. மத்ததைப் படிங்க.”

இரண்டாவது தாளைப் பிரித்தார். “தோழர்களே. நாம் வீட்டில் இருப்போம். இன்னும் சிறிது காலம் நாம் பொறுத்துக்கொள்வோம்.”

பேச்சி அவரைப் பார்த்தாள். இப்போது அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“தங்கபுஷ்பம் வீட்டில் இருப்பாள்” என்று அவரே மாற்றிப் படித்தார். “இன்னும் சிறிது காலம் தங்கபுஷ்பம் பொறுத்துக்கொள்வாள்.”

நேற்று அவள் அவருக்குக் கஞ்சி ஊற்றினாள். நீ குடிக்கலையா என்று கேட்டதற்கு, அப்பவே ஆச்சு என்றாள். பிறகு அடுக்களைக்குள் அவள் பானையின் அடியைச் சுரண்டும் சத்தம் கேட்டது.

அவருக்குக் கேட்டது. ஆனாலும் குடித்தார்.

*

வெயில் அசையாமல் நின்றது.

வெகுதூரம் வரை பாத்திகள் வெள்ளையாகக் கிடந்தன. எது உப்பு, எது வெளிச்சம் என்று பிரிக்க முடியவில்லை. நீருக்குள், தலைகீழாக, ஒருத்தி உப்புக்கூடை சுமந்து வந்துகொண்டிருப்பதுபோலத் தெரிந்தது. வந்துகொண்டே இருந்தாள். பக்கத்தில் வரவில்லை. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அவளுக்கும் பின்னால் இன்னொருத்தி. எல்லோருக்கும் ஒரே நடை.

கால் எரிச்சல் எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை.

“ரெண்டு தாள்லயும் சாகிறது அவதான்” என்றார்.

பேச்சி இன்னொரு பிடி களிமண்ணை உருட்டினாள்.

“அப்ப நான் எதைத்தான் சொல்ல?”

“அவ என்ன சொல்லுதா?”

“யாரு?”

“உங்க தங்கச்சி.”

அவர் வாயைத் திறந்தார். போலீசுக்கும் நீதிபதிக்கும் ஒரு நொடியில் பதில் சொன்ன வாய் அது.

“கேக்கலை.”

“ஒரே வீட்டுலதானே சாப்பிடுதிய. பேசிக்கிட மாட்டியளா?”

“சாப்பிட்டியான்னு அவ கேப்பா.”

“நீங்க?”

“சாப்பிட்டேன்னு சொல்லுவேன்.”

பேச்சி எழுந்து வந்தாள். அவர் கையிலிருந்த இரண்டு தாள்களையும் வாங்கினாள். சேர்த்துக் கசக்கி உருட்டினாள். மடையோரம் கசிந்த இடத்தில் வைத்து அழுத்தி, மேலே களிமண் பூசினாள்.

கசிவு நின்றது.

அவருடைய எழுத்து கைமேல் பலன் தந்ததை அய்யாக்குட்டி அன்றுதான் பார்த்தார்.

*

மாலை. இரண்டு மேடையும் நிரம்பியிருந்தன.

“அண்ணாச்சி, மேல வாங்க” என்றது மேற்கு.

“இங்க நாற்காலி போட்டிருக்கு” என்றது கிழக்கு.

மேற்கு மேடையில் இருந்த ஒரு முதலாளி அவர் வேட்டியைப் பார்த்துச் சிரித்தார். “என்ன அண்ணாச்சி, வேட்டியெல்லாம் உப்புப் பூத்திருக்கு. புரட்சியை ஊறுகாய் போட்டுட்டியளா?”

அய்யாக்குட்டி மேடையோரத்திலிருந்து மைக்கை எடுத்தார். அதன் வயர் நீளமாக இருந்தது. எந்த மேடையிலும் ஏறாமல் தரையில் நடந்தார். வட்டங்களுக்கு நடுவே வயர் அவர் பின்னால் ஊர்ந்து வந்தது. கடைசி வரிசையில் ஒரு வட்டத்துக்கு வெளியே நின்றார்.

“நாம்…” என்று தொடங்கினார்.

நிறுத்தினார். எல்லோரும் காத்திருந்தார்கள். 

“புஷ்பம். நீ சொல்லு. திறக்கவா, அடைக்கவா?”

மைக்கைக் கைநீள தூரத்தில் நீட்டினார். தங்கபுஷ்பம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்னைய ஏண்ணே சந்தி சிரிக்க வைக்க?”

“சொல்லு.”

“நாப்பது வருசமா நீ பேசுத, நான் கேக்கேன். இன்னைக்கு என்ன புதுசா?”

வட்டங்களில் சிலர் சிரித்தார்கள். அவர் மைக்கை விலக்கவில்லை. அவர் வேட்டியில் உப்புப் பூத்திருப்பதை அவள் பார்த்தாள். முந்தானையைக் கொஞ்சம் தளர்த்தினாள்.

“அளத்துல நோவு எங்கண்ணே இருக்கு? பாத்திக்கு ஒரு ஆளு. இந்தப் பாத்தியில கூப்பிட்டா அந்தப் பாத்தியில கேக்காது. காத்து வேற ஆளைத் தள்ளுது.”

மேற்கு மேடை கை தட்டியது.

“கை தட்டாதிய” என்றாள் தங்கபுஷ்பம். “இன்னும் முடிக்கலை.”

கைகள் நின்றன.

“காலையில எங்க தெரு ஆளுகளை ஏத்திட்டுப் போறது ஒரே ஒரு லாரி. நாப்பத்தஞ்சு பேரு. உட்கார இடம் இல்ல, நின்னுக்கிட்டே போவோம். ஒருத்தி இருமுனா அடுத்தவ கழுத்துல படும்.”

கிழக்கு மேடையில் கை தட்டப் போனவர்கள் கையை இறக்கிக்கொண்டார்கள்.

அவள் அந்த மேடையைப் பார்த்தாள். இந்த மேடையைப் பார்த்தாள். கடைசியில் அண்ணனைப் பார்த்தாள்.

“நாப்பது நாளா எல்லாரும் பேசுனியளே. அந்த லாரியைப் பத்தி ஒருத்தராவது ஒரு வார்த்தை பேசுனியளா?”