அதட்டினால் நிற்கும் குதிரை

ஜமீன்தார் வாயைத் திறந்தாலே அதட்டல்தான். அதில் மிரண்டு ஓடிய குதிரை அவரையே கீழே தள்ளிவிட்டது.

"தேர்த் திருவிழாவுக்குள்ள இதுக்கு மரியாதை பழக்கு. இல்லீன்னா ஊரை விட்டு ஓடு," என்றார், லாயத்தில் வேலை செய்யும் நாச்சாத்தாளிடம்.

"பழக்கிப்போடறனுங்க," என்றாள், சாணி அள்ளிக்கொண்டே.

தேரன்று ஊரே பார்க்க ஏறி உட்கார்ந்து, "நட கழுதை" என்று கத்தினார். குதிரை தூணாக நின்றது. கூட்டம் சிரித்தது.

"என்னத்தடி பழக்குனே?"

"அதட்டுனா நிக்கப் பழக்குனனுங்க. இனி உங்க எலும்பு முறியாது. நடக்கோணும்னா தன்மையாச் சொல்லோணும்."

பல்லைக் கடித்துக்கொண்டு, "நடங்க," என்றார். குதிரை நடந்தது.

"உன்னை இன்னைக்கே ஊரை விட்டுத் துரத்தறேன்டி" என்று அவளைப் பார்த்துக் கத்தினார். குதிரை மறுபடி நின்றுவிட்டது.

கூட்டத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"நாச்சாத்தா, நீங்களும் கூடவே வாங்க."