சுமைகாரப் பூதனார் உறங்கிய கதை

அரசர்கள் போருக்குப் போனதைப் பாட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்த அரசர்களின் சோற்று அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனவர்களைப் பற்றி யார் வாயைத் திறந்தார்கள்? நாம் திறப்போம். மணற்குடிப் பூதனார் என்னும் அடியார் அப்படிப்பட்ட ஒரு சுமைகாரர்.

படை என்றால் யானையும் குதிரையும் வேலும் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அரிசி மூட்டை, கூடாரக் கம்பு, விறகு, காயம்பட்டவன் என்று அத்தனையும் யாருடைய தலையிலாவது தோளிலாவது ஏறித்தான் நகர வேண்டும். வீரர்கள் கண் விழிப்பதற்கு முன்னால் சுமைகாரர்கள் எழுந்து மூட்டை கட்டுவார்கள். வீரர்கள் போய்ச் சேர்வதற்கு முன்னால் ஓடிப்போய் அடுப்பு மூட்டுவார்கள். எல்லாரும் உண்டு படுத்த பிறகு அண்டா கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் அவர்கள் சாய்வார்கள். சாய்ந்த இடம் சூடாவதற்குள் மறுபடியும் எழ வேண்டும். நடந்துகொண்டே தூங்கக் கற்றுக்கொள்ளாதவன் அந்த வேலையில் தங்க முடியாது.

பூதனார் அதையும் கற்றுக்கொண்டிருந்தார். இன்னொன்றையும் விடாமல் வைத்திருந்தார். எந்த ஊர் எல்லையில் படை இறங்கினாலும், தலைச்சுமையை இறக்கிய கையோடு ஒரு சாண் இடத்தைத் துடைத்துச் சுத்தம் செய்வார். ஈர மண்ணைப் பிடித்துச் சிவலிங்கம் செய்வார். தமக்குக் கொடுத்த குடிதண்ணீரில் ஒரு கை அள்ளி அதன்மேல் விட்டு, கைக்கு அகப்பட்ட இலையைக் கிள்ளிச் சாத்திவிட்டு, அதற்குப் பிறகுதான் தம் தொண்டையை நனைப்பார். காலையில் படை கிளம்பும்போது அந்த லிங்கத்தை முதல் குதிரையே மிதித்துவிட்டுப் போகும்.

"என்னடா பூதா, உன் சாமி சப்பையாப் போச்சே!" என்று சுமைகாரர்களின் தலைவனான கொற்றன் கைகொட்டிச் சிரிப்பான்.

"போனாப் போகுதுண்ணே. அவரு மண்ணுல இருந்து வந்தாரு, மண்ணுக்குப் போறாரு. சாயங்காலம் வேற பண்ணிக்கிறேன்" என்பார் பூதனார். அவருக்குக் கோபமே வராது. கோபப்படவும் தெம்பு வேண்டாமா?

வீட்டுக்கு ஓர் ஆள் என்று அரசாணை வந்தபோது, நோயில் கிடந்த தமையனுக்குப் பதிலாக ஒரு பருவத்துக்கு மட்டும் என்று சொல்லித்தான் அவர் வந்தார். ஒரு போர் முடிந்தால் அடுத்த போர் வாசலில் நின்றது. விடுப்புக் கேட்டால் "இது முடியட்டும்" என்றார்கள். எது முடிந்தது? மனைவி கோதை இறந்த செய்தியே அறுவடை கழிந்து அடுத்த நடவும் முடிந்த பிறகு, உப்பு வண்டிக்காரர் ஒருவர் வாய்மொழியாக வந்து சேர்ந்தது. அன்றைக்குப் பூதனார் மூட்டையை இறக்கவில்லை. இறக்கினால் அழுது உட்கார்ந்துவிடுவோம் என்று பயந்தாரோ என்னவோ, அதைச் சுமந்தபடியே கண்ணீர் வழிய நடந்தார். மாலையில் வழக்கம்போல மண்ணைப் பிடித்து லிங்கம் செய்தார். "அவளை நீ பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னார்.

இப்படி இருக்கையில் படை நொச்சியூரை வளைத்துப் பிடித்தது. சின்ன ஊர். கூரைகள் எரிந்தன. ஊருக்கு நடுவே நொச்சிவன நாதர் கோயில். அங்கே விழாக்காலத்தில் வீதியுலா வருகிற சந்திரசேகரத் திருமேனி ஒன்று, முழங்கால் உயரச் செப்புத் திருமேனி. தோற்ற ஊரின் தெய்வத்தைக் கொண்டுபோய்த் தம் அரசரின் காலடியில் வைத்தால் பெருமை என்று படைத்தலைவர் விழுப்பரையர் நினைத்தார். தெய்வத்தையும் சிறைபிடிக்கலாம் என்று எண்ணுகிற அறிவு படைத்தலைவர்களுக்கு மட்டும்தான் வரும். சிவ சிவா!

"திருடாத கை ஒண்ணு வேணும். யாரு இருக்கா?" என்று கேட்டார். கொற்றன் பூதனாரைப் பிடித்து முன்னால் தள்ளினான்.

விழுப்பரையர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். நரைத்த தாடி, தேய்ந்த உச்சி. "இதைப் பத்திரமா ஊர் கொண்டுவந்து சேத்துடு. அதோட உன்னை விட்டுடுறேன். வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கு" என்றார்.

வீட்டுக்குப் போ! இந்தச் சொல்லைக் கேட்கத்தானே அவர் இத்தனை காலம் காது கொடுத்துக் கிடந்தார்? மண்ணில் விழுந்து கும்பிட்டார். எழுந்து திரும்பினார். அங்கே திருமேனியைத் தேங்காய் நார்க் கயிற்றால் கழுத்தும் காலும் சேர்த்துக் கட்டிப் போட்டிருந்தார்கள், கன்று திருடியவனைக் கட்டுவது போல. பூதனார் கயிற்றை அவிழ்த்தார். தம் மேல்துண்டை உதறிச் சுற்றினார். இத்தனை நாள் மண்ணில் பிடித்துப் பிடித்துக் கும்பிட்ட சாமி இப்போது பளபளவென்று முழுசாகத் தம் கைக்கு வந்திருக்கிறார், அதுவும் கைதியாக. மகிழ்வதா அழுவதா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

நடந்தார்கள். பூதனார் திருமேனியைத் தலையில் தாங்கிக்கொண்டு சுமைகாரர் வரிசையில் போனார். இறங்கிய இடத்திலெல்லாம் முதலில் சாமிக்குத் தண்ணீர் காட்டினார், தம் பங்குச் சோற்றைப் படைத்தார். "கொள்ளையடிச்ச சாமானுக்குப் பூசையாடா?" என்று கொற்றன் கேட்டபோது, இலையைக் கிள்ளிச் சாத்திக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள்தான் கவனித்தார். படைக்குப் பின்னால் ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். நொச்சியூர்க் கோயில் முற்றம் பெருக்கிக் கோலமிடுகிற உமையாள் என்னும் அம்மையார் அவர். அழவில்லை, சாபம் விடவில்லை. படை நின்றதும் தூரத்தில் உட்கார்ந்துகொள்வார். சுமைகாரர்கள் அடுப்பு மூட்டும் நேரம் பார்த்து மெல்லக் கிட்டே வருவார்.

"அண்ணே, சாமி சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாரும்மா."

"சரிண்ணே." அவ்வளவுதான். போய்விடுவார். மறுநாளும் அதே கேள்வி.

அந்தக் கேள்வி பூதனாரை அறுத்தது. திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது. அன்று நண்பகலில் ஒரு புளிய மரத்தடியில் திருமேனியை மடியில் வைத்துக்கொண்டு முறையிட்டார். "அப்பனே, சாமிங்க போக இஷ்டமில்லன்னா மலை மாதிரி கனக்கும்னு சொல்லிக் கேட்டிருக்கேன். நீ கொஞ்சம் கனக்கக் கூடாதா? பத்துப் பேரு சேந்து தூக்கினாலும் அசையலன்னா இவங்க உன்னை இங்கயே விட்டுட்டுப் போவாங்க. என் மேலயும் குத்தம் வராது. நான் பாட்டுக்கு வீட்டுக்குப் போவேன்."

கேட்டது நியாயம்தானே? எத்தனையோ பேருக்காகக் கனத்திருக்கிறார்! பூதனார் நம்பிக்கையோடு எழுந்து தூக்கிப் பார்த்தார். நேற்றைக்கு என்ன கனமோ அதே கனம்தான். ஒரு குன்றிமணி கூடக் கூடவில்லை. "சரி, பாரத்தை என் தலையிலயே போடுறியா?" என்று முணுமுணுத்துக்கொண்டு நடந்தார்.

நாட்டு எல்லையில் ஆறு குறுக்கிட்டது. அக்கரை தங்கள் நாடு. அக்கரையில் ஏறி இடது பக்கம் திரும்பினால் மணற்குடிச் சாலை. யானைகள் இறங்கின, குதிரைகள் இறங்கின, சுமைகாரர் முறை வந்தது. பகை நாட்டுப் பெண்ணைப் பரிசலில் ஏற்ற மாட்டோம் என்று துறைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். உமையாள் கரையிலேயே நின்றார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு பிடி அரிசியை அவிழ்த்துப் பூதனார் கையில் கொட்டினார்.

"இனிமே நீங்கதாண்ணே பாத்துக்கணும். எங்க சாமிக்கு வெளியூர் பழக்கமில்ல."

அதைச் சொன்ன பிறகுதான் அந்த அம்மையார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பூதனார் அக்கரையைப் பார்த்தார். வீடு அங்கே இருக்கிறது. வெளியூரில் கிடப்பது என்றால் என்னவென்று அவரைவிட யாருக்குத் தெரியும்? கால்கள் கெஞ்சின. கண்கள் எரிந்தன. "இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தானா என்னைச் சோதிக்கணும்?" என்று வாய்விட்டே கேட்டார். கேட்டுவிட்டு, அரிசியை இடுப்பில் முடிந்துகொண்டு, வந்த வழியே திரும்பி நடக்கத் தொடங்கினார்.

ஓடவில்லை, ஒளியவில்லை. பின்னால் வந்துகொண்டிருந்த மிச்சப் படை முழுவதையும் எதிர்கொண்டு நடுப்பகலில் நடந்தார். படையில் கை வீசிப் போகிறவனைத்தான் நிறுத்தி விசாரிப்பார்கள். தலையில் சுமை இருக்கிறவன் யாரோ ஏவித்தான் போகிறான் என்று எல்லாரும் வழிவிட்டார்கள். கடைசியில் கொற்றன் மட்டும் கேட்டான்.

"எங்கடா போற?"

"நொச்சியூருக்குண்ணே. சாமியை வீட்ல விட்டுட்டு வர்றேன்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானே போறேன்."

கொற்றன் விழுந்து விழுந்து சிரித்தான். பூதனார் கேலி பேசுகிற அளவுக்குத் தேறிவிட்டார் என்று அவனுக்கு மகிழ்ச்சி. அது கேலி இல்லை என்று புரிந்தபோது பூதனார் கண்ணுக்கு மறைந்துவிட்டிருந்தார்.

திரும்பும் வழியில் அவர் எங்கும் படுக்கவில்லை. படுத்தால் எழ மாட்டோம் என்று தெரியும். பின்னால் குதிரைகள் வரும் என்றும் தெரியும். கூடவே வந்த உமையாள் ஒரு பக்கம் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். "கொஞ்ச நேரம் நான் சுமக்கிறேண்ணே" என்றபோது, "வேணாம்மா, எனக்குத் தெரிஞ்ச வேலை இது ஒண்ணுதான்" என்றார்.

நொச்சியூர் எல்லையில் அவரைப் பார்த்ததும் ஊரார் கல்லெடுத்தார்கள். எடுக்க மாட்டார்களா? கூரையை எரித்த படையின் ஆள் அல்லவா? ஒரு கல் நெற்றியில் பட்டது. இரண்டு கைகளும் சாமியைப் பிடித்திருந்ததால் பூதனார் முகத்தை மறைக்கவும் இல்லை. "அடிக்காதீங்கய்யா! சாமி வந்துட்டாரு! சாமியக் கூட்டிட்டு வந்திருக்காரு!" என்று உமையாள் குறுக்கே விழுந்து கத்தினார். கற்கள் கைகளிலிருந்து நழுவின.

கோயில் குருக்கள் ஓடிவந்து திருமேனியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு கதறினார். கல்லெறிந்தவர்களே பூதனாரின் காலில் விழுந்தார்கள். "என்ன வேணும் சொல்லுங்க. எரிஞ்சது போக இருக்கிறதெல்லாம் உங்களுக்குத்தான்" என்றார்கள்.

"படுக்க ஓர் இடம் கொடுத்தாப் போதும்."

முன்மண்டபத்தில் ஒரு தூணின் அருகே படுத்தார். படுக்கும்போது கருவறைப் பக்கம் திரும்பி, "அப்பனே, குதிரைங்க வருது. வந்தா வெட்டுவாங்க. வெட்டட்டும். அது வரைக்கும் தூங்கிக்கிறேன்" என்றார். தலை கல்லைத் தொடுவதற்குள் தூங்கிப்போனார்.

மறுநாள் பொழுது விடிந்தது. வீடு திரும்பிய இறைவனுக்குத் திருப்பள்ளியெழுச்சி. குருக்கள் சங்கை எடுத்து ஊதினார். சத்தமில்லை. கன்னம் உப்ப மறுபடி ஊதினார். காற்றுதான் வந்தது. மணியை ஆட்டினார், நாக்கு வெண்கலத்தில் மோதியது, ஒலி எழவில்லை. மேளக்காரர் ஓங்கி அடித்தார், தோல் அதிர்ந்ததே தவிர ஒன்றும் கேட்கவில்லை. மதிலின் மேல் காகங்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. ஊர் முழுவதிலும் கேட்ட ஒரே ஓசை, முன்மண்டபத்தில் பூதனார் விட்ட குறட்டை.

ஒரு பெரிய புழுதி ஊருக்குள் வந்தது. குளம்போசை இல்லாமல் குதிரைகள் வந்து நின்றன. விழுப்பரையர் குதித்து இறங்கினார். கழுத்து நரம்பு புடைக்க ஏதோ கத்தினார். அது அவர் காதிலேயே விழவில்லை. தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பூதனாரை இழுத்து வரும்படி ஒருவனுக்குச் சைகை காட்டினார். அவன் குனிந்தான். நெற்றியில் ரத்தம் உறைந்து, வாய் லேசாகத் திறந்து, குழந்தை போல் கிடந்த அந்த முகத்தைப் பார்த்தான். நீட்டிய கையை எடுத்துக்கொண்டான்.

விழுப்பரையர் வாளோடு முன்னே வந்தார். கருவறையைப் பார்த்தார். அந்த வேளையில் குருக்கள் காதிலும் அவர் காதிலும் மட்டும் ஒரு குரல் மெல்லக் கேட்டது.

"பாவம், ரொம்ப நடந்திருக்கான். தூங்கட்டும். நான் அப்புறம் எழுந்துக்கிறேன்."

வாள் தரையில் விழுந்தது. அதற்கும் சத்தமில்லை. விழுப்பரையர் படியில் உட்கார்ந்தார். அவருடைய வீரர்களும் உட்கார்ந்தார்கள். அவர்கள் மட்டும் களைக்காதவர்களா? ஒவ்வொருவராகச் சாய்ந்து, கண்ணை மூடினார்கள்.

வெயில் உச்சிக்கு வந்தபோது பூதனார் தானாகக் கண் விழித்தார். எதிரே படைத்தலைவர். அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தார். "ஐயோ, தூங்கிட்டேனே! மன்னிச்சிடுங்க ஐயா!"

அவர் வாயைத் திறந்ததுதான் தாமதம், சங்கும் மணியும் மேளமும் காகமும் குதிரையும் ஒன்றாக முழங்கின. இறைவன் பள்ளி எழுந்தருளினார்.

வெட்டுக்குத் தலையைத் தாழ்த்தி நின்ற பூதனாரின் முன்னால், விழுப்பரையர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "எனக்கும் மேல இருக்கிறவரு உங்களைத் தூங்க விடுன்னு உத்தரவு போட்டுட்டாரு. அதை மீற நான் யாரு? இனிமே உங்களை யாரும் எழுப்ப மாட்டாங்க, ஐயா" என்றார்.

தமக்குக் கீழுள்ளவனை அவர் ஐயா என்று அழைத்தது அன்றுதான். பூதனார் மிரண்டுபோய்க் குருக்களைப் பார்த்து, "சாமி சாப்பிட்டாரா?" என்று கேட்டார். உமையாள் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

தாம் கண் விழிக்கும் வரை தெய்வமே கண் விழிக்காமல் காத்திருக்கப் பெற்ற மணற்குடிப் பூதனாரின் வெடித்த பாதங்கள் நம் தலைமேல் இருக்கட்டும். அதைவிட நல்ல சுமை நமக்கு வேறென்ன வேண்டும்?