பச்சைக் கொப்பு

தியோடர் சார் முப்பது வருஷம் கல்லூரியில் தாவரவியல் நடத்திப் பிள்ளைகளைத் தூங்கவைத்தவர். ஓய்வு பெற்றதும் வீட்டோடு பேப்பர் படித்துக்கொண்டு கிடந்திருக்கலாம். மழைக்காட்டுப் பூங்காவில் வழிகாட்டி ஆகியே தீருவேன் என்று கிளம்பிவிட்டார்.

அங்கே அவருக்கு வாய்த்த குரு மயிலி. காடர் பழங்குடிப் பெண், வயது முப்பது, படிப்பு ஐந்தாவதோடு சரி. அவள் தலையாட்டினால்தான் மறுநாள் வரும் சுற்றுலாக் கூட்டத்தை அவர் தனியாக அழைத்துப்போக முடியும்.

அதற்கான கடைசி நடை இது. பகல் பதினொரு மணிக்கே காடு விளக்கணைத்த மாதிரி கிடந்தது. சில்வண்டுகளின் இரைச்சல் காதை அடைத்தது.

பாதையோரம் ஒரு தழைக் குவியல். அடியில் மக்கியது, மேலே பச்சை. மயிலி ஒரு கொப்பை ஒடித்து அதன்மேல் வைத்தாள். யானை ஒருத்தரை அடித்த இடம் இது, கடந்து போகிற எல்லாரும் ஒரு கொப்பு வைத்துவிட்டுத்தான் போவோம் என்றாள். அவரும் ஒன்றை ஒடித்துப் போட்டார், அந்த மரத்தின் லத்தீன் பெயரைச் சொல்லிக்கொண்டே.

பிறகு அவளை முந்திக்கொண்டு நடந்தார். இருநூறு மரம் பெயரோடு தெரியும், எனக்கு இன்னும் என்ன பாக்கி என்று கேட்டார்.

சட்டென்று சில்வண்டுகள் ஓய்ந்தன. ஒன்றுகூட மிச்சமில்லை.

"நில்லுங்க சார்," என்றாள் மயிலி, தணிந்த குரலில்.

"மூச்சு வாங்குதா? இந்த வயசுல நானே நடக்கிறேன்."

இன்னும் பத்தடி போனார்.

மூங்கில் புதருக்குள் பெரிய அண்டாவைத் தரையில் உருட்டுகிற மாதிரி ஒரு சத்தம். நிழல் என்று அவர் நினைத்திருந்தது அசைந்தது. அதற்குக் காது இருந்தது.

மயிலி அவர் காலரைப் பிடித்து, ஓடவிடாமல், அடி அடியாகப் பின்னால் இழுத்து வந்தாள்.

வெகுநேரம் கழித்து மூங்கில் முறிகிற ஓசை பள்ளத்தில் இறங்கி மறைந்தது. சில்வண்டுகள் ஒவ்வொன்றாகத் தொடங்கின.

மயிலி அவர் நின்றிருந்த இடத்துக்குத் திரும்பிப் போனாள். ஒரு பச்சைக் கொப்பை ஒடித்து வெறும் மண்ணில் வைத்தாள்.

தியோடர் சார் அந்தக் கொப்பைக் குனிந்து பார்த்தார்.

"இங்கே யாரும் சாகலையே, மயிலி."

அவள் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு உங்க பின்னால எத்தனை பேர் வர்றாங்க, சார்?"