மரகதம் நின்ற ஜன்னல்

தணிகாசலம் ஒரு நாவல் எழுதி முடித்து, கற்பகவல்லி டீச்சரிடம் படிக்கக் கொடுத்திருந்தான். மாலை வேளையில் எழுத்துப் பயிற்சி நடத்துகிறவர் அவர். சீடன்தான் குருவைவிட மூத்தவன். ஆனாலும் அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பான்.

"நல்லா வந்திருக்கா டீச்சர்? அச்சுக்குக் குடுத்துடலாமா?"

நாவல் அவனுடைய அக்காவைப் பற்றியது. புருஷன் வீட்டை விட்டு வந்தது, விஷம் குடித்துப் பிழைத்தது, ஒன்றையும் விடவில்லை. அக்கா இப்போது அம்பத்தூரில் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா படிச்சாங்களா?"

"இல்ல டீச்சர். பேரை மாத்திட்டேன்."

டீச்சர் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, எழுத்தாளர் நீலமேகன் வாழ்ந்த இடத்தை நடந்து பார்த்துவிட்டு வரலாம், வாங்க என்றார்.

நீலமேகன் என்றால் தணிகாசலத்துக்கு உயிர். அவர் செத்து எத்தனையோ வருடம் ஆகியும் சிந்தாதிரிப்பேட்டை அவரை விட்டபாடில்லை. டீக்கடைக்காரர் அவர் உட்கார்ந்த பெஞ்சைக் காட்டினார். போன வருடம் வாங்கிய பெஞ்ச் மாதிரி இருந்தது. தணிகாசலம் அதையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கூவத்தின் நாற்றம்கூட அவனுக்கு நாவலில் படித்ததாகத்தான் பட்டது.

கடைசியாக ஒரு சந்து. மரகதம் என்ற பெண் கள்ளக் காதலனுக்காக இரவெல்லாம் நின்றதாக நீலமேகன் தன் நாவலில் எழுதிய ஜன்னல் அங்கேதான் இருந்தது. இப்போது செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருந்தார்கள். இதைப் போய் அடைப்பார்களா என்று தணிகாசலத்துக்கு வயிறு எரிந்தது. போனை எடுத்தான்.

குழாயடியில் குடத்தோடு இருந்த வயதான பெண் போனைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அவளிடம் கோபம் இல்லை. பழகிப்போயிருந்தது.

"எடுத்தாச்சா? நான் தண்ணி பிடிக்கணும்."

அவன் கூச்சத்தோடு போனை இறக்கினான். மரகதத்தைத் தெரியுமா என்று கேட்டான்.

"எங்க அக்காதான். அவளுக்கு இழுப்பு. காத்துக்காக ஜன்னல்ல நிப்பா. எதிர் மாடியிலேருந்து அவரு பாத்திருக்காரு. பேரை மாத்தித்தான் எழுதினாரு, தெருவுக்குத் தெரியாதா? ஜன்னலை அப்பா அடைச்சுட்டாரு. அந்த ரூம்லயே மூச்சு முட்டிப் போய்ட்டா."

குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தாள்.

"என்னையும் யாரும் கட்டிக்கல."

இருவரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள்.  தணிகாசலத்துக்கு நீலமேகன் மேல் கோபம் கோபமாக வந்தது.

"அப்போ அது மோசமான நாவலா டீச்சர்?"

"மோசமா இருந்திருந்தா ஜன்னலை எப்பவோ திறந்திருப்பாங்க."

பஸ் வந்தது, நின்றது, போனது. இருவரும் ஏறவில்லை. அவனுக்குக் கேட்கவே பயமாக இருந்தது.

"என்னுது?"

டீச்சர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"உங்களுது ரொம்ப நல்லா வந்திருக்கு, தணிகாசலம்."